அண்ணன் பெட்டி

மொக்கராசு எடுத்த வேலை எதையும் முடித்ததில்லை. ஊரே சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன அந்த விஷயம்தான் இப்போது நெய்க்கானல் மலைக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை. அவனுடைய தங்கை செண்பகவல்லி, தேனீ ஆராய்ச்சி நிலையத்தின் தலைமை விஞ்ஞானி, ஜீப்பின் முன்னிருக்கையில் உட்கார்ந்து மனசுக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு வந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் சொன்ன வேலையில் அண்ணன் வழக்கம்போல டிமிக்கி கொடுத்திருக்க வேண்டும். மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கியிருக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் எந்தக் குணத்துக்காக அவனைத் திட்டித் தீர்த்தார்களோ, அந்தக் குணம் அவனிடம் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

ஜீப்பை ஓட்டி வந்தது ரெஜினா, மாவட்டத் தோட்டக்கலை அலுவலர். மண்ணும் பயிரும் அவளுக்கு அத்துபடி. ஈ சமாசாரம் மட்டும் தெரியாது. ஆனால் சாயங்காலம் கலெக்டர் முன்னால் நின்று, மலையில் ஏலம் ஏன் காய்க்கவில்லை என்று விளக்க வேண்டியவள் அவள்தான். அதனால் மலைப்பாதையின் வளைவுகளுக்கு நடுவே கேட்டுக்கொண்டே வந்தாள்.

"மேடம், காலையில அழகர்ராஜா எஸ்டேட்ல தேனீப் பெட்டிக்குக் கீழ வெள்ளை வெள்ளையா உதிர்ந்து கெடந்துச்சே, அது என்ன?"

"புழு. ஆண் புழு."

"யாரு எடுத்துப் போட்டது?"

"அக்காமாருதான்."

ரெஜினா திரும்பிப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ராணி ஈ விந்து சேர்த்து முட்டை போட்டா அது பொண்ணு. சேர்க்காமப் போட்டா ஆணு. ஆண் ஈக்கு அப்பனே கெடையாது. அவன் உடம்புல இருக்கிறது ஆத்தா கொடுத்த ஒத்தைப் பங்குதான். அந்த ஒத்தைப் பங்கை அவன் அப்படியே முழுசா தன் மகளுங்க எல்லாருக்கும் கொடுத்துருவான். அதனால ஒரு அப்பனுக்குப் பொறந்த அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்குள்ள முக்கால்வாசி ஒண்ணாவே இருக்கும். தம்பிக்கு அந்த அப்பன் பங்கு வராதுல்ல? அவன் கால்வாசிதான் சொந்தம்."

"அப்ப தம்பியை வளர்க்கிறதைவிடத் தங்கச்சியை வளர்க்கிறதுதான் லாபம்."

"அதேதான். ஆனா ஆத்தாளுக்கு மகனும் மகளும் சரிசமம். ஒரே வீட்டுக்குள்ள ஆத்தா ஒரு கணக்கு போடுவா, மகளுங்க ஒரு கணக்கு போடுவாங்க. சில எறும்புப் புத்துல மகளுங்க கணக்குதான் ஜெயிக்கும். தம்பிப் புழுவா பார்த்துப் பார்த்துத் தின்னு தீர்த்துருவாங்க."

"தேனீயும் அப்படியா?"

"இல்ல. தேனீ ராணி பல ஆண்களோட சேரும். பிள்ளைங்களுக்கு அப்பன் வேற வேற. அதனால அக்கா தங்கச்சிக்குள்ள அம்புட்டு ஒட்டுதல் கெடையாது, தம்பிங்களும் பிழைச்சுக் கெடந்தாங்க." செண்பகவல்லி வெளியே பார்த்தாள். "தம்பிப் புழுவை மோந்து கண்டுபிடிக்கிற அந்த எறும்போட மூக்கை, மரபணுவா எடுத்து நாங்கதான் தேனீக்கு வச்சோம்."

அந்த மூக்கை வைத்தபோது நாடே கைதட்டியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அழுகல் நோய் வந்து மலைத்தொடர் முழுக்கத் தேனீ செத்துக்கொண்டிருந்த காலம் அது. ஏலக்காய்ப் பூ காலையில் மலர்ந்தால் மறுநாள் வாடிவிடும். அதற்குள் ஈ வந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் காய் கிடையாது. எஸ்டேட் பெண்கள் குனிந்து குனிந்து குச்சியால் ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைத் தொட்டு வைத்துப் பார்த்தார்கள். மலையளவு பூவை எத்தனை கை தொடும்? இருக்கிற கொஞ்ச ஈயை வைத்து நிறைய வேலை வாங்க வேண்டும் என்ற நிலையில்தான் செண்பகவல்லிக்கு அந்த யோசனை வந்தது. கூட்டில் ஆண் ஈ எதற்கு? பூவுக்குப் போவதில்லை, கூட்டைக் காப்பதில்லை, கொட்டக்கூடத் தெரியாது. உட்கார்ந்து தேனைத் தின்கிறது. அந்தத் தீனியும் அந்த அறைகளும் பெண் ஈக்குப் போனால்?

போயிற்று. வேலைக்கார ஈக்கள் ஆண் புழுவை மோந்து பார்த்துத் தூக்கி வெளியே எறிந்தன. புதுப் பெட்டியிலிருந்து காலையில் கிளம்பிய கூட்டத்தைப் பார்த்து எஸ்டேட்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். முதல் வருடம் ஏலச்சரங்கள் காயின் கனம் தாங்காமல் மண்ணில் படுத்துக் கிடந்தன. எஸ்டேட் சங்கத் தலைவர் அழகர்ராஜா மேளதாளம் வைத்து செண்பகவல்லிக்கு மாலை போட்டார். தொழிலாளிகள் அந்தப் பெட்டிக்குத் தங்கச்சிப் பெட்டி என்று பேர் வைத்தார்கள்.

"சரி மேடம், ஆணே இல்லாம அடுத்த ராணிக்கு யாரு மாப்பிள்ளை?"

"அதுக்குத்தான் அண்ணன் பெட்டி. எஸ்டேட்டுக்கு ஒண்ணு, அந்த மூக்கு ரத்தத்துல மட்டும் இருந்து வேலை செய்யாத வகை ஈ. அதுல ஆண் ஈ வளரும், எல்லாப் பெட்டியோட இளம் ராணிகளுக்கும் அது போதும். நான் கூட்டம் போட்டு ஒவ்வொருத்தர்கிட்டயும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"வைக்கலையா?"

"வச்சாங்க. வச்சுட்டு எடுத்துட்டாங்க."

அண்ணன் பெட்டி தின்கிற அளவுக்கு வேலை செய்யவில்லை என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பக்கத்தில் ஒரு தங்கச்சிப் பெட்டி சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும்போது இதற்கு எதற்குச் சர்க்கரைப் பாகு ஊற்றுவது? இந்த வருடம் இளம் ராணிகள் கலவிக்குப் பறந்துபோய் வெறுமனே திரும்பியபோது செண்பகவல்லி எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறி இறங்கினாள். "எங்க அண்ணன் பெட்டியா? கிழக்குப் பக்கத்து எஸ்டேட்ல இருக்கே மேடம், ஆண் ஈ என்ன வேலி பார்த்தா பறக்குது?" என்றார் ஒருவர். கிழக்கே போனால் தெற்கே கைகாட்டினார்கள். தெற்கே போனால், "அதான் நம்ம அழகர்ராஜா அண்ணன் வச்சிருக்காரே" என்றார்கள். அழகர்ராஜாவோ முதல் ஆளாகத் தன் பெட்டியைத் தங்கச்சியாக மாற்றியவர். ஆண் ஈ வேலி பார்த்துப் பறக்காது என்ற வாக்கியம் செண்பகவல்லியே கூட்டத்தில் சொன்னதுதான். ஒரு பெட்டி கெட்டாலும் பக்கத்து எஸ்டேட் காப்பாற்றும் என்ற தைரியத்துக்காகச் சொன்னாள். அவர்கள் அதை வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் கோபப்படக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

ஆண் கிடைக்காத ராணி முட்டை போடாமல் இருப்பதில்லை. போடும். எல்லாமே ஆண் முட்டை. அது புழுவானதும் வேலைக்கார ஈக்கள் தூக்கி வெளியே போடும். ராணி மறுபடியும் போடும், அவை மறுபடியும் தூக்கி எறியும். காலையில் பெட்டிக்குக் கீழே கிடந்த வெள்ளை அதுதான்.

"அந்தப் புழுவை எடுத்து நாமளே வளர்க்க முடியாதா?"

"வளர்த்துப் பார்த்துட்டோம் ரெஜினா மேடம். எல்லாம் ஒரே ராணி வழி. ஒரே ரத்தம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தா தேனடையில பாதிக்குப் பாதி அறை காலி. பிள்ளை நிக்கல. புது ரத்தம் வேணும். வேற மலையில இருந்து கொண்டாந்தா அழுகல் நோயும் கூடவே வரும். இந்த மலையிலேயே நோயைத் தாங்கி நின்ன காட்டு ஈ வேணும்."

"அது எங்க இருக்கு?"

"குரங்குப்பள்ளத்துல இருந்துச்சு." செண்பகவல்லி குரல் இறங்கியது. "அதை அழிக்கச் சொன்னதே நான்தான்."

பாதையில் ஒரு வேன் எதிரே வந்தது. மேலே கட்டில், பாத்திரம், கோழிக்கூடு. எஸ்டேட் தொழிலாளிகளின் லயன் வீட்டைக் காலி செய்து கீழே இறங்கும் குடும்பம். வழிவிட ரெஜினா ஜீப்பை ஓரங்கட்டினாள். வேனுக்குள் இருந்த பெண் செண்பகவல்லியை அடையாளம் கண்டு கும்பிட்டாள். மாலை போட்ட அன்று ஆரத்தி எடுத்தவள்.

காட்டு ஈயை அழிக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. காட்டு ஆணோடு தங்கச்சி ராணி சேர்ந்தால் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்த எறும்பு மூக்கு மழுங்கிப்போகும். அதோடு, நோய் அங்கிருந்துதான் பரவுகிறது என்று அவள் நினைத்தாள். நோய் வந்தும் சாகாமல் நின்ற ஈ அது என்பதை அவள் நினைக்கவில்லை. எல்லாக் காரணத்தையும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குரங்குப்பள்ளத்தில் காட்டு ஈ கூடு கட்டும் பொந்துகளெல்லாம் தெரிந்த ஆள் மலையில் ஒருவன்தான் இருந்தான்.

தெரியாமல் என்ன? வேலைக்குப் போகாமல் சுற்றிய காலமெல்லாம் மொக்கராசு அந்தக் காட்டில்தான் கிடந்தான். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. லாரி கிளீனர் வேலை பாதியில் நின்றது. பெண் பார்க்கப் போனவன் பேச்சு முடியும் முன்னாலேயே எழுந்து வந்துவிட்டதால் கல்யாணமும் நின்றது. அப்பா செத்தபிறகு மூத்தவளான அக்காவும் செண்பகவல்லியும் அடுப்படியில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். நல்ல நிலத்தை இவன் கையில் கொடுத்தால் பாழாக்கிவிடுவான், குரங்குப்பள்ளத்தை ஒட்டிய மேட்டைக் கொடுத்துவிடலாம் என்று. அவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "சரி பாப்பா, எனக்கு அதுவே போதும்" என்றான். அதில் வருத்தம் இருந்ததா என்று அவர்கள் இருவரும் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள் அவன் ஒரு கொழுத்த ஈயைப் பிடித்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான். அவள் அலறினாள். "கத்தாத பாப்பா, கொட்டாது. இது ஆம்பளை ஈ. என்னைய மாதிரி, சும்மா சுத்தும்" என்று சிரித்தான். கைக்குள் அது ரீங்கரித்த கூச்சம் அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவள் தேனீ படிக்கப் போனதே அந்தக் கூச்சத்தால்தான். பட்டம் வாங்கிய எந்த மேடையிலும் அதைச் சொன்னதில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவனிடம் அந்த வேலையைக் கொடுக்கும்போது அவள் சொன்னது ஒன்றுதான். "வாழ்க்கையில ஒரு வேலையாவது உருப்படியா முடிண்ணே." அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். அதன் பிறகு அவள் கேட்கவுமில்லை, வரவுமில்லை.

"அண்ணன் செஞ்சிருக்க மாட்டாருன்னு நினைக்கிறீங்க?" ரெஜினா கேட்டாள்.

"அவரு செஞ்சிருக்க மாட்டாரு" என்றாள் செண்பகவல்லி. கொஞ்சம் கழித்து, "நாலஞ்சு கூடு மிச்சம் இருந்தாக்கூடப் போதும்" என்றாள்.

வீட்டைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. வாசல் கேட்டுக்கு ஒற்றைக் கதவுதான் இருந்தது. இன்னொன்று சுவரில் சாய்ந்து துருப்பிடித்துக் கிடந்தது. சுவருக்குப் பாதி உயரம் பச்சை வர்ணம், மீதி வெறும் சிமெண்டு. கொல்லையில் கூரை இல்லாத ஒரு குளியலறை. அண்ணன் மாறவேயில்லை! வாழ்க்கையில் முதல்முறையாக அந்த அரைகுறை வீடு அவளுக்கு அழகாகத் தெரிந்தது.

"பாப்பா!" மொக்கராசு லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தான். ஓட்டத்தில் ஒரு கால் லேசாக இழுத்தது. தலை முழுக்க நரைத்துவிட்டது. "சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற! வாங்கம்மா, நீங்களும் உட்காருங்க. பால் இல்ல, வரக்காப்பி குடிப்பீங்கல்ல?"

"காப்பி இருக்கட்டும்ணே. காலுக்கு என்ன?"

"அது கெடக்குது. வழுக்கி விழுந்துட்டேன்."

காப்பி வந்தது. சர்க்கரை போட மறந்திருந்தான். செண்பகவல்லி அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு குடித்தாள். பிறகு தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அந்தப் பொந்து வேலை சொன்னேன்ல..."

அவன் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே இத்தனை நாளும் காத்திருந்தவன் மாதிரி எழுந்தான். "வா, காட்டுறேன்."

அந்த மலர்ச்சியைப் பார்த்ததுமே அவள் அவசரமாக எழுந்து பின்னால் போனாள்.

பள்ளத்தின் விளிம்பில் ஒரு பெரிய வேங்கை மரம். இடுப்பளவு உயரத்தில் அதன் பொந்து சிமெண்டு வைத்து அடைக்கப்பட்டிருந்தது. ஏனோதானோவென்று அப்பியதில்லை. கரண்டியால் தேய்த்து, விளிம்பைச் சீவி, மேலே சுண்ணாம்பு அடித்து, கைதேர்ந்த கொத்தனார் முடித்த மாதிரி இருந்தது. அவன் வீட்டுச் சுவர்கூட அப்படி இல்லை.

"புகை போட்டு, எல்லாம் அடங்கினதுக்கு அப்புறம் அடைச்சது" என்றான். "கையெடுத்துக் கும்பிட்டுட்டுத்தான் செஞ்சேன். பாவம்ல."

அடுத்த மரம். அடுத்த பாறை இடுக்கு. பாம்புப் புற்றுக்கு மேலே இருந்த கூட்டைக்கூட அவன் விடவில்லை. செண்பகவல்லி பின்னால் நடந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும், இதையாவது விட்டிருப்பான், இதற்கு ஏற முடியாது, சோம்பல்பட்டிருப்பான் என்று நினைத்தாள். செங்குத்தான பாறை ஒன்றின் நெற்றியில் வெள்ளைச் சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்தது. அண்ணாந்து பார்த்த ரெஜினா, "இதுல எப்படி ஏறுனீங்க?" என்று கேட்டேவிட்டாள்.

"கயிறு கட்டித்தாம்மா. இறங்கறப்பத்தான் காலு போச்சு. பாப்பாகிட்டச் சொல்லல, அது வருத்தப்படும்." அவன் கையை நீட்டி அடுத்த சரிவைக் காட்டினான். "நீ சொன்னது இந்தப் பள்ளம் மட்டுந்தான் பாப்பா. ஆனா நீதான சொல்லுவ, ஆண் ஈ வேலி பார்த்துப் பறக்காதுன்னு. அங்கிட்டு இருந்து ஒண்ணு வந்து உன் பெட்டியைக் கெடுத்தா உன் பேருல்ல கெடும்? அதான் அதையும் சேர்த்து முடிச்சுட்டேன். ஒரு கூடு இல்ல இப்ப."

செண்பகவல்லி பக்கத்து மரத்தின் பட்டையில் காதை வைத்தாள். சின்ன வயதில் அவன் அப்படித்தான் வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தான். உள்ளே அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். இப்போது எதுவும் கேட்கவில்லை. காதை எடுக்க மனமில்லாமல் நின்றாள்.

மொக்கராசு சிரித்தான். "சரி பார்க்கிறியாக்கும்? ஒரு சத்தமும் வராது. வேலை சுத்தம்."

ரெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செண்பகவல்லி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். இவனிடம் என்ன சொல்வது? எல்லோரும் உன்னைச் சோம்பேறி என்றோம், நீ சோம்பேறியாக இருந்திருந்தால் மலை பிழைத்திருக்கும் என்றா? எங்கள் பேச்சைக் கேட்டதுதான் நீ செய்த பிழை என்றா? எறும்பு அக்காமாருக்காவது ஒரு கணக்கு உண்டு, தம்பி கால்வாசிதான் சொந்தம். மனிதரில் அண்ணனும் அக்காவும் அவளுக்குச் சரிபாதி. எந்தக் கணக்கை வைத்து இவனை இந்த மேட்டில் கொண்டுவந்து விட்டோம்? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் காரணம் கேட்பான்.

"ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கண்ணே" என்றாள். "நான்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டேன்."

வேட்டைக்காரன் மாதிரி காட்டையெல்லாம் சுற்றி வந்த மொக்கராசு, சின்னப் பையன் மாதிரி கால் விரலால் மண்ணைக் கிளறினான். "ஒரு வேலையாவது உருப்படியா முடின்னு சொன்னியே. அது மனசுல கெடந்து அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்பா இருந்திருந்தா காட்டியிருப்பேன்" என்றான். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரெஜினாவைப் பார்த்து வெட்கமாகச் சிரித்தான்.

திரும்பி வரும்போது வீட்டுக்குப் பின்னால் அவனுடைய ஏலச்செடிகளைக் காட்டினான். நிழலில் செழிப்பாக வளர்ந்திருந்தன. சரங்கள் மண்ணில் நீண்டு கிடந்தன. பூத்து, வாடி, உதிர்ந்து, ஒரு காய் இல்லை. மொக்கராசு குத்துக்காலிட்டு ஒரு சரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"நீ வந்தா கேட்கணும்னு இருந்தேன் பாப்பா. இலை நல்லா இருக்கு, பூவும் வருது. காய்தான் இல்ல. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல. எருவைப் பாதியில விட்டேனோ, தண்ணிய விட்டேனோ தெரியல. என் புத்தி தெரியுந்தான உனக்கு."

செண்பகவல்லி அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். அவன் கையிலிருந்த சரத்தை வாங்கி, உதிர்ந்த காம்புகளைத் தடவிப் பார்த்தாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணலண்ணே."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப அடுத்த வருஷம் காய்க்கும்ல?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தாள்.

"அது போதும்." மொக்கராசு முழங்காலில் கையூன்றி எழுந்து, துருப்பிடித்த கதவு சாய்ந்து கிடந்த வாசல் பக்கம் திரும்பினான். "அதுக்குள்ள அந்த இன்னொரு கதவையும் மாட்டிர்றேன் பாப்பா. எனக்குத்தான் இப்ப வேலையை முடிக்கிற பழக்கம் வந்துருச்சே."